பந்தியில் முன்கை திரும்பும் விதம்: ஓர் உடற்கூற்று ஆராய்ச்சி

1. ஆய்வுப் பொருள்

கல்யாணப் பந்தியில் "போதும், போதும்" என்று கை காட்டியவரின் இலையிலேயே மறுபடி சாம்பார் விழுவது ஏன்? பரிமாறுபவரின் உபசாரம், சாப்பிடுபவரின் சபலம் என்றெல்லாம் காரணம் சொல்வதுண்டு. காரணம் எலும்பிலும் தசையிலும் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. எலும்பு நிலை

முன்கையில் எலும்புகள் இரண்டு. சுண்டுவிரல் பக்கத்து அரந்தி எலும்பு, கல்யாண வீட்டுப் பெரியவர் போல, இருந்த இடத்தை விட்டு அதிகம் அசையாது. கட்டைவிரல் பக்கத்து ஆரை எலும்பு அதன்மேல் குறுக்காக உருண்டால் கை கவிழும். திரும்பி வந்து இணையாகப் படுத்தால் கை மல்லாரும். இரு கோடிக்கும் இடையே ஏறக்குறைய 160 பாகை. கொடுப்பதும் வாங்குவதும் வேண்டாமென்பதும் இதற்குள் அடக்கம்.

3. தசை நிலை

உள்ளங்கையைக் குழித்து ரசம் வாங்குபவரைக் கவனிக்க. முழங்கை மடங்கியிருக்கும், ரசம் மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை வழியும், கை மட்டும் கவிழாது. காரணம், மேற்கையின் பைசெப்ஸ். ஜிம்முக்குப் போகிறவர்கள் அதை எடை தூக்கும் தசையாகவே அறிவர். முழங்கை மடங்கிய நிலையில் கையை மல்லாத்தும் பெரும்பலமும் அதுவே. வலக்கைக்காரர் ஸ்க்ரூ முடுக்குவது இந்தப் பலத்தில்தான். கவிழ்ப்பதற்கோ முக்கியமாக இரண்டே சிறு தசைகள்: முழங்கையருகே ஒன்று, மணிக்கட்டுக்குச் சற்று மேலே சதுரமாக ஒன்று. ஆகவே இலைமுன் அமர்ந்தவர் வாங்குவதில் பலசாலி, மறுப்பதில் நோஞ்சான். பரிமாறுபவர் கரண்டியைச் சாய்ப்பதும் கவிழ்த்தலே; ஆனால் அவருக்குப் புவியீர்ப்பின் ஒத்தாசை உண்டு.

4. கால் நிலை

முழங்காலுக்குக் கீழேயும் இரண்டு எலும்புகள்தாம். ஆனால் ஒன்றன்மேல் ஒன்று உருளாது. பாதம் பக்கவாட்டில் திரும்புவது குதிகால் எலும்புக்கு மேலுள்ள மூட்டில்; உட்புறம் அதிகம், வெளிப்புறம் குறைவு. தரைப்பந்தியில் சம்மணமிட்டவரின் உள்ளங்கால் மேல்நோக்க இது உதவியது. மேசைப்பந்தி வந்தபின் இம்மூட்டுக்கு வேலை கை கழுவும் இடத்து ஈரத்தில்தான். அங்கே சறுக்கினால் பாதம் பெரும்பாலும் உட்புறமே மடங்கும். வெளிக்கணுவின் தசைநார் சுளுக்கிக்கொள்ளும்.

5. பரிந்துரை

முழங்கையை நீட்டினால் பைசெப்ஸின் திருகுபலம் குறையும். எனவே மறுக்க விரும்புவோர் கையை முழுக்க நீட்டிக் கவிழ்க்கவும். நீட்டிய கை பக்கத்து இலையின்மேல் போய் நிற்கும் என்பது இம்முறையின் ஒரே குறை. அவருக்குப் பாயசம் கிடைக்காமல் போனால் ஆய்வாளர் பொறுப்பல்ல.