பெயர் வைப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை

சென்னை துரைப்பாக்கத்தில், பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களைக் கொண்டுவந்து அடுக்க இடம் தயார். பெயர் வேண்டுமே? யோசித்தார்கள். நியாயம் கேட்டு அரசவைக்குள் புகுந்து, சிலம்பை உடைத்து, ஊரையே கொளுத்தியவளின் பெயரைத் தேடிப் பிடித்து வைத்தார்கள். கண்ணகி நகர். பக்கத்திலேயே இன்னொன்று கட்டினார்கள். அதற்கு எழில் நகர். கோப்பில் கையெழுத்துப் போட்டவருக்குக் குசும்பு அதிகமாக இருந்திருக்க வேண்டும், அல்லது சிலப்பதிகாரமே தெரியாமல் இருந்திருக்க வேண்டும். பாண்டியனுக்காவது தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்ததும் உயிர் போனது. நம்மிடம் யாருக்கும் உயிர் போகாது. இடமாறுதல்கூட வராது.

பெயர் வைக்கிற விஷயத்தில் மட்டும் கழகங்களுக்குள் சண்டையே கிடையாது. 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்பது அதன் லட்சியம். அந்தக் காலத்து போர்டு வீடுகள் பலவும் குடிசை இருந்த இடத்திலேயே எழுந்தன. நொச்சிக்குப்பத்துக்காரருக்கு மாடி வீடு கிடைத்தது, கடலும் வாசலிலேயே இருந்தது. 2000இல் கண்ணகி நகர் வந்த பிறகு இறைவனின் விலாசம் மாறிவிட்டது. ஏழை சிரிக்க வேண்டுமானால் இருபது கிலோமீட்டர் தள்ளிப்போய்ச் சிரிக்க வேண்டும். 2021இல் வாரியத்துக்கே புதுப் பெயர்: நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். குடிசை ஒழிந்தது. பெயர்ப் பலகையில்.

மக்களைக் கிளப்புவதற்குச் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றுதான். பாதுகாப்பு. கூவம் கரையில் இருந்தால் வெள்ளம் வரும், அடையாற்றங்கரையில் இருந்தால் உயிர் போகும். 2015 டிசம்பரில் வந்தது, போனது. மறுக்கவில்லை. அதனால் சட்டி பானையோடு லாரியில் ஏற்றி உயிரைக் காப்பாற்றக் கொண்டுபோனார்கள். எங்கே? பெரும்பாக்கத்துக்கு. சுற்றுவட்டாரத்து ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் வந்து சேரும் பள்ளத்துக்கு. ஆற்றங்கரையில் தண்ணீர் வரும், வடியும். இங்கே வந்தால் தங்கிவிட்டுப் போகும். இதேபோல் கொண்டுபோய்க் குடிவைத்த செம்மஞ்சேரியில் ஐப்பசி பிறந்தால் கட்டிலுக்குக் கீழே செங்கல் வைக்கத் தொடங்குகிறார்கள். அந்த ஊருக்குக் காவல் நிலையம் கட்டினார்கள். அந்த இடமே நீர்நிலை என்று வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. ஆக்கிரமிப்பு என்பது தகரம் போட்டுக் கட்டினால்தான். கண்ணாடி போட்டுக் கட்டினால் அதற்குப் பெயர் ஐடி காரிடார். சதுப்பில் பெரும்பகுதியைத் தின்று முடித்தபின், 2022இல் மிச்சத்துக்கு ராம்சர் ஈரநிலம் என்ற சர்வதேசப் பட்டம் கிடைத்தது. நாமும் கை தட்டினோம்.

தீவுத்திடலுக்குப் பக்கத்தில் சத்தியவாணி முத்து நகர் இருந்தது. தலித் மக்களுக்காகக் குரல் கொடுத்த அமைச்சரின் பெயர். பெயர் காப்பாற்றவில்லை. 2019 டிசம்பர் கடைசியில் இடிக்கத் தொடங்கினார்கள். படிப்பில் பாதி வருடம் முடிந்திருந்தது. பொதுத் தேர்வுக்குப் படித்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வீடு பெரும்பாக்கம் என்று அலைந்தார்கள். 2022 மே மாதம், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்கும்போது ஒருவர் தீக்குளித்தார். இறந்தார். கண்ணகி ஊரைக் கொளுத்தினாள். இந்த ஊரில் ஏழை தன்னைத்தான் கொளுத்திக்கொள்கிறான்.

சரி, போய்ச் சேர்ந்தவர்களுக்குப் பாதுகாப்பாவது கிடைத்ததா?

பழைய குப்பத்தை நினைத்துப் பாருங்கள். சந்து முனையில் ஒரு ஆயா உட்கார்ந்திருக்கும். வெற்றிலை, வசவு, கண். புதுசாக ஒருத்தன் உள்ளே நுழைந்தால், “யாருப்பா நீ? யாரு வூட்டுக்கு?” என்று கேட்கும். பதில் சரியில்லை என்றால் நாலு வீட்டிலிருந்து ஆள் வெளியே வரும். வேலைக்குப் போகிறவள் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவாள். சம்பளம் இல்லாத போலீஸ், கட்டணம் இல்லாத பால்வாடி. நூறு வருடத்தில் தானாக முளைத்த காவல் அது.

குலுக்கல் போட்டு ஒதுக்கீடு செய்து அதை ஒரே மாதத்தில் ஒழித்தார்கள். ஒரு தெருவில் இருந்த நாற்பது குடும்பம் நாற்பது பிளாக்கில் சிதறியது. ஆயாவுக்கு ஆறாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஓடாது. ஆயா கீழே வந்து மாதக்கணக்காகிறது. கேஸ் சிலிண்டர் மேலே வர வேண்டுமானால் மாடிக்கு இவ்வளவு என்று தனிக் கூலி. மைலாப்பூரில் ஆறு மணிக்குப் பாத்திரம் தேய்க்க நிற்க வேண்டியவள் இங்கே நாலரைக்கே எழுந்து, இருட்டில் அந்த மாடிப்படியில் கைபேசி வெளிச்சத்தில் இறங்கி, பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள். பஸ் இலவசம்தான். வந்தால்தானே ஏறுவது? ரெண்டு நாள் தாமதமானால் “நீ வேற வீடு பாத்துக்கோம்மா” என்கிறார்கள். அவள் திரும்ப இரவு எட்டு. பதினான்கு வயதுப் பையன் பள்ளியிலிருந்து வந்து அதுவரைக்கும் என்ன செய்வான்? பிளாக்குக்குக் கீழே நிற்பான். அங்கே அவனுக்காக ஏற்கனவே ஒருத்தன் பொட்டலத்தோடு நிற்கிறான். அவனிடம் “யாருப்பா நீ?” என்று கேட்க வேண்டிய ஆயா ஆறாவது மாடியில் இருக்கிறது.

இத்தனையையும் திட்டம் போட்டு, டெண்டர் விட்டு, ரிப்பன் வெட்டிச் செய்து முடித்துவிட்டு, பிறகு கேட்கிறார்கள் பாருங்கள் ஒரு கேள்வி: இந்த ஏரியாவில் ஏன் இவ்வளவு கிரைம்? குளத்தில் தள்ளிவிட்டவன் கரையில் நின்று, ஏன் நனைந்தாய் என்று கேட்கிறான். நம் பத்திரிகைக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. திருடியவன் அண்ணா நகர் என்றால் செய்தியில் ‘வாலிபர்’. கண்ணகி நகர் என்றால் தலைப்பிலேயே கண்ணகி நகர்.

இருந்த இடத்திலேயே இடித்துக் கட்டித் தந்தால் நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் கட்டினார்கள். 2021 ஆகஸ்டில் டிவியில் பார்த்தோம்: விரலால் சுரண்டினால் புதுச் சுவர் மணலாய்க் கொட்டுகிறது. கொலுசு உரசினாலே விழும் போலிருந்தது, சிலம்பெல்லாம் தேவையில்லை. ஐஐடி வந்து ஆராய்ந்தது. இரண்டு பொறியாளர்கள் சஸ்பெண்ட். அதே ஆண்டு டிசம்பர் 27, திருவொற்றியூர் அரிவாக்குளம். 1993இல் கட்டிய பிளாக், 24 வீடுகள், நின்ற இடத்தில் பொடிப்பொடியானது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. காரணம் வாரியம் இல்லை. விரிசல் விடும் சத்தத்தைக் கேட்டு, ஒருவரை ஒருவர் கதவு தட்டி, எல்லோரையும் வெளியே இழுத்துக்கொண்டு வந்தவர்கள் அங்கே குடியிருந்தவர்களே. பக்கத்து வீட்டுக்காரன் பெயர் தெரிந்திருந்ததால் பிழைத்தார்கள்.

மறுகட்டுமானம் முடியும்வரை வெளியே வாடகைக்கு இருந்துகொள்ள அரசு பணம் தருகிறது. முன்பு 8,000 ரூபாய், பிறகு 24,000. மாதத்துக்கு இல்லை சார், மொத்தமாக. கட்டி முடிக்க மூன்று வருடம் ஆனால் மாதத்துக்கு 667 ரூபாய். சென்னையில் அந்த வாடகைக்கு வீடு இருந்தால் சொல்லுங்கள், நானே குடிபோகிறேன். இதற்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்: கருணைத் தொகை. அவன் வீட்டை இடிக்கிறோம், அவன் வாடகைக்கு அலைகிறான், அவனுக்குக் கொடுப்பது கருணை. அமைச்சர் பங்களாவுக்கு வெள்ளை அடிக்கும் செலவுக்கு மட்டும் பராமரிப்பு என்று பெயர்.

வெள்ளை அடிப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. 2020இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் ஓவியர்களைக் கூட்டிவந்து பிரமாண்டமாக வரைந்தார்கள். நிஜமாகவே அழகான ஓவியங்கள். வரைந்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வெளியூர்க்காரர்கள் கேமராவோடு வந்தார்கள், அதுவும் நல்லதே. ஆனால் சுவரின் வெளிப்பக்கம் நாலு மாடி உயரத்துக்கு ஒரு முகம் சிரிக்கிறது. உள்பக்கம் சுமார் 200 சதுர அடியில் ஆறு பேர் படுக்கிறார்கள். ஏழையின் சிரிப்பு என்று வாரியம் சொன்னது இந்தப் பெயின்ட் சிரிப்பைத்தான் போலும்.

2025 அக்டோபரில் அந்த நகரிலிருந்து ஒரு பெண் பஹ்ரைன் போய், ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடியில் தங்கம் வென்ற இந்திய அணியில் நின்றாள். கண்ணகி நகர் கார்த்திகா. ஒரே நாளில் ஊர்ப் பெயர் இனித்தது. இருபத்தைந்து வருடமாகத் திருட்டு வழக்கில் மட்டும் அந்தப் பெயரைத் தலைப்பில் போட்டவர்கள் இப்போது தங்கத்துக்கும் போட்டார்கள். சால்வை, பூங்கொத்து, செல்ஃபி. எந்த மைதானத்தில் பயிற்சி எடுத்தாள் என்று பார்க்கப் போனவர்கள் கொஞ்சம் குறைவு.

அந்த வாரமும் அதே பிளாக்கிலிருந்து ஒரு பையன் ஓஎம்ஆரில் வேலைக்கு விண்ணப்பம் நிரப்பியிருப்பான். பெயர், தந்தை பெயர், படிப்பு எல்லாம் தடையில்லாமல் எழுதுவான். முகவரி வந்ததும் பேனா நிற்கும். கண்ணகி நகர் என்று எழுத மாட்டான். ‘துரைப்பாக்கம்’ என்று எழுதுவான்.