தோலாக் கதிரை: இலங்கை உதைபந்தாட்ட நிருவாகம் பற்றிப் பொத்துவிலிலிருந்து ஓர் ஆய்வு

தோற்றது அணியே, தோலாது கதிரை
என்ப கடைவழிக் காக்கா மாரே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், தோல்வியானது மைதானத்தில் நின்ற பதினொரு பேரையே சேரும், அவர்களை அனுப்பி வைத்தோரைச் சேராது என்பதை உணர்த்துதல் நுதலிற்று.

காக்காமார் எனப்பட்டோர், இஷாத் தொழுகை முடிந்து எங்களூர்க் கடைக்குப் பிளேன்டீ குடிக்க வந்து, குடித்து முடித்த பின்னும் எழும்பாத ஆய்வறிஞர் குழாம். கொழும்பில் தொடங்கும் ஏ4 வீதி எங்களூருக்குள் நுழையும்போது முந்நூறு கிலோமீற்றரைத் தாண்டியிருக்கும். இத்தூரம் ஆய்வுக்குப் பெருநன்மை. உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் எவருக்கும் எங்களைத் தெரியாதாகையால் நடுநிலை பிறழ வழியில்லை. மாதிரி தெரிந்த முறையும் விஞ்ஞானபூர்வமானதே: அன்று வேலைக்குப் போனவர்கள், போகாதவர்கள், போகும் எண்ணமே இல்லாதவர்கள் என முத்தரப்பும் உள்ளடக்கப்பட்டது. அறுகம்பேக்கு அலைச்சறுக்க வந்த வெள்ளைக்காரர்களிடமும் விசாரிக்கப்பட்டது. "இலங்கைக்கு உதைபந்தாட்ட அணி இருக்கிறதா?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டபடியால் அத்தரவு நீக்கப்பட்டது.

இனி வரலாறு. இலங்கை 1952இல் பீஃபாவில் சேர்ந்தது. அதே ஆண்டு கொழும்புக் கிண்ணம் என்றொரு போட்டியும் தொடங்கியது. இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நான்கு நாடுகளும் ஆடின. 1955 வரை நான்கு முறை நடந்தது. முதல் முறை இந்தியாவும் பாகிஸ்தானும் பகிர்ந்துகொண்டன, மற்ற மூன்றும் இந்தியாவுக்கே. கிண்ணத்துக்கு எங்கள் தலைநகரின் பெயர், கிண்ணம் அடுத்தவன் வீட்டில். பிற்கால நிகழ்வுகள் அனைத்துக்கும் விதை இங்கேயே கிடக்கிறது என்பது இவ்வாய்வாளனின் துணிபு.

நேர்மை கருதி வெற்றிகளையும் சொல்லவேண்டும். அதிக இடம் பிடிக்காது. 1995இல் கொழும்பில் இந்தியாவை 1–0 என வென்று தெற்காசியத் தங்கக் கிண்ணத்தை எடுத்தோம். ஆறுதலாகக் கொண்டாட விட்டார்களா? மறு ஆண்டே கிரிக்கெட்காரர்கள் லாகூரில் உலகக் கிண்ணத்தைத் தூக்கிவிட்டார்கள். 2006இல் ஆசிய சவால் கிண்ண இறுதிப் போட்டி வரை போய்த் தஜிகிஸ்தானிடம் 4–0 எனத் தோற்றோம். உலகத் தரவரிசையில் நாங்கள் தொட்ட மிக நல்ல இடம் 122, அது 1998இல். கால் நூற்றாண்டு கழித்து, 2023இல், 207. பீஃபாவின் உறுப்பு நாடுகளே 211தான். எங்களுக்குக் கீழே கிடந்த சில நாடுகளில் ஒன்று சன் மரினோ. அங்குள்ள சனத்தைத் திரட்டினால் ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குப் போதும். பொத்துவில் தனியே ஒரு தேசிய அணியை இறக்கினாலும் பெரிய வித்தியாசம் வராது.

தோல்விகளுள் தலைசிறந்தது எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஒருசார் ஆசிரியர் 2019 ஒக்டோபரில் தென்கொரியா அடித்த எட்டுக் கோல்களைச் சொல்வர். அது பிழை. தென்கொரியாவிடம் எட்டு வாங்குவது விதி. பூட்டானிடம் தோற்பதற்கோ முயற்சி வேண்டும். 2015 மார்ச்சில், 2018 உலகக் கிண்ணத்துக்கான முதல் சுற்று. பூட்டான் அதற்கு முன் உலகக் கிண்ணத் தகுதிப் போட்டி எதிலும் ஆடியதில்லை. தரவரிசையில் 209, அதாவது அன்றைக்கு ஆகக் கடைசி இடம். கொழும்பில் 1–0 என வென்றது. ஐந்து நாள் கழித்துத் திம்புவில் 2–1 என மறுபடியும் வென்றது. திம்பு கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீற்றருக்கு மேல், அங்கே மூச்சு முட்டும் என்று கடையில் ஒருவர் விளக்கம் சொன்னார். ஏற்கத்தக்க விளக்கமே. ஆனால் கொழும்பு எத்தனை மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கு அவர் இன்னும் விடை அளிக்கவில்லை. அளிக்கும்வரை அவருக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுப்பதில்லை எனத் தீர்மானிக்கப்பட்டுள்ளது.

இத்தகைய தோல்வி நேர்ந்தால் நிருவாகம் என் செய்யும்?

பழுதுபடு காலைப் பயிற்றுநர் மாற்றுக.

இது இரண்டாம் சூத்திரம். பக்கீர் அலி வந்தார். அந்தக் காலத்து நட்சத்திரம், எங்கள் ஆட்களுக்கு அவர் பெயரில் ஒரு தனிப் பாசம். பொஸ்னியாவில் பிறந்த அமிர் அலாஜிச் வந்தார். மன்செஸ்டர் சிட்டியின் முன்னாள் அணித் தலைவர், ஸ்கொட்லாந்துக்காரர் அண்டி மொரிசன் வந்தார். குவைத்திலிருந்து அப்துல்லா அல் முதைரி வந்தார். எஞ்சின் பழுதான ஆட்டோவுக்கு டயர் மாற்றும் இம்முறை உலகெங்கும் வழக்கில் உள்ளதே. எங்கள் தனிச்சிறப்பு, டயரைத் தேடிக் கண்டங்கள் தாண்டிப் போவதுதான்.

மூன்றாம் சூத்திரம் ஆழமானது. முதல் வாசிப்பில் விளங்காது.

ஆடா தொழியின் தோல்வியும் இன்றே.

எடுத்துக்காட்டு: 2019 ஜூனில் மக்காவுவிடம் 1–0 எனத் தோற்றோம். இரண்டாவது போட்டி கொழும்பில். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து சில வாரங்களே ஆகியிருந்த நேரம். பாதுகாப்பைக் காரணங் காட்டி மக்காவு வரவில்லை. பீஃபா எங்களுக்கு 3–0 என வெற்றியை அளித்து அடுத்த சுற்றுக்கு அனுப்பியது. அந்தச் சுற்றில் ஆடிய எல்லாவற்றிலும் தோல்வி. ஆடிய ஆட்டங்களில் இல்லாத வெற்றி ஆடாத ஆட்டத்தில் கிடைத்தது என்பதைக் கூர்ந்து நோக்குக. அந்தச் சுற்றில் 2021 ஜூனில் லெபனானுக்கு எதிராக, ஜேர்மனியில் பிறந்து வளர்ந்த வசீம் ராசிக் இரண்டு கோல் அடித்தார். 3–2 எனத் தோற்றாலும் பொத்துவிலில் அன்றிரவு பெருநாள்தான். நாங்கள் எவ்வளவு குறைவில் திருப்திப்படுகிறவர்கள் என்பதைச் சம்மேளனம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது.

இரண்டாம் எடுத்துக்காட்டு இதனினும் சிறந்தது. 2023 ஜனவரி 21 முதல் பீஃபா இலங்கையை இடைநிறுத்தியது. மூன்றாந் தரப்புத் தலையீடு என்பது காரணம். கடைத் தமிழில் சொன்னால், அரசாங்கமும் சம்மேளனமும் கதிரைக்காக இழுபறிப்பட்டதில் பந்து வெளியே போய்விட்டது. தடை நீங்க ஒகஸ்ட் முடிவாயிற்று. இடையில் பெங்களூரில் தெற்காசியக் கிண்ணப் போட்டி நடந்தது, நாங்கள் இல்லை. ஆக, ஏழு மாதம் இலங்கை அணி எவரிடமும் தோற்கவில்லை. ஒரு கோல் கூட வாங்கவில்லை. எந்தப் பயிற்றுவிப்பாளராலும் முடியாத சாதனையை நிருவாகம் தனியாகவே நிகழ்த்திக் காட்டியது. செப்டெம்பரில் தேர்தல் வைத்து, 2021இலும் தலைவராகத் தெரிவான ஜஸ்வர் உமரையே மீண்டும் தெரிந்தார்கள். ஒக்டோபரில் அணி களமிறங்கி யெமனிடம் 3–0 எனத் தோற்றதும் நிலைமை வழமைக்குத் திரும்பியது.

இதுவரை சொன்னவை நோய்க்குறிகள். நோய்முதல் நாடுவோம். கடையில் இதற்கு விளக்கம் அளித்தவர் வாழ்நாளில் பந்து உதைக்காத ஒரு வயல்காரர்.

"தம்பி, இவங்களுக்குச் சம்பளம் கோலுக்கா வருது?"

"இல்ல காக்கா."

"பொறகு என்னத்துக்கு அவங்க கோல் அடிக்கணும்?"

பீஃபா மாநாட்டில் ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு. ஐந்து தடவை உலகக் கிண்ணம் எடுத்த பிரேசிலுக்கும் ஒன்று, பூட்டானிடம் இரண்டு தடவை தோற்ற எங்களுக்கும் ஒன்று. அபிவிருத்திப் பணமும் அப்படியே: 2023–2026 காலப்பகுதிக்கு ஒவ்வொரு சங்கத்துக்கும் 80 இலட்சம் டொலர் வரை பீஃபா ஒதுக்கியது. கணக்குக் காட்டவேண்டும், திட்டம் காட்டவேண்டும். வெற்றி காட்டவேண்டும் என்று எங்கும் இல்லை. உள்நாட்டில் சம்மேளனத் தலைவரைத் தெரிபவை லீக்குகள். லீக்குகளை மனங்குளிர வைத்திருப்பவர் கதிரையில் இருப்பார். கோல் கம்பத்துக்கும் அந்தக் கதிரைக்கும் இடையில் பாதையே போடப்படவில்லை. ஆகவே நிருவாகிகளைத் திறமையற்றோர் என்பது பெரும் அவதூறு. அவர்கள் ஆடும் ஆட்டம் வேறு, அதில் அவர்கள் உலகத் தரம். உலக உதைபந்தாட்டத்தின் உச்சி மேசை வரை போன இலங்கையர் ஒரு முன்வரிசை வீரரா? இல்லை, ஒரு நிருவாகி. இருபது ஆண்டு சம்மேளனத் தலைவராயிருந்த மணிலால் பெர்னாண்டோ 2011இல் பீஃபா நிறைவேற்றுக் குழுவுக்கே தெரிவானார். 2013இல் ஒழுக்க விதிகளை மீறியமைக்காக வாழ்நாள் தடையும் பெற்றார். எங்கள் ஆட்டக்காரர் எவரும் அவ்வளவு பெரிய மைதானத்தில் சிவப்பு அட்டை வாங்கியதில்லை.

இவ்விதி இலங்கைக்கு மட்டும் உரியதன்று. பொத்துவில் ரசிகன் இயல்பிலேயே இரட்டைத் தோல்விக்காரன். பகலில் இலங்கையைத் தாங்குவான், இரவில் மன்செஸ்டர் யுனைடெட்டை. 2005இல் கிளேசர் குடும்பம் அந்தக் கழகத்தைக் கடன்பட்டு வாங்கி, கடனைக் கழகத்தின் தலையிலேயே கட்டியது. 2013இல் பயிற்றுநர் பெர்குசன் ஓய்வுபெற்ற பின் மொய்ஸ், வான் கால், மொரின்யோ, சூல்ஷா, டென் ஹாக், அமோரிம் என்று இரண்டாம் சூத்திரத்தை ஓதிக்கொண்டே இருந்தார்கள். 2024–25இல் 15ஆம் இடம். அந்தப் பருவ இறுதியில் யூரோப்பா லீக் இறுதிப் போட்டி. எதிரணி 17ஆம் இடத்து டொட்டன்ஹாம். எங்களூர் நேரப்படி இரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கிய அந்த ஆட்டத்தைக் கண்விழித்துப் பார்த்து, 1–0 தோல்வியைச் சுமந்து, சுபஹுக்கு முதல் வரிசையில் நின்றவர்களை நான் அறிவேன். தொழுகைக்கு எழும்பாதவனையும் எழுப்பியது கிளேசர் குடும்பத்தின் நன்மைக் கணக்கில் சேருமா என்பது மௌலவிமார் தீர்க்கவேண்டிய விடயம். இத்தனைக்கும் அந்தக் கழகம் 2016இல் அதிகாரபூர்வத் தலையணைப் பங்காளர் என்று ஒரு நிறுவனத்தையே வைத்துக்கொண்டது. எங்களை உறங்கவிடாத கழகத்துக்குத் தலையணை வியாபாரம்!

இங்கே ஒரு தடை எழும். அண்மையில் இலங்கை வென்றிருக்கிறதே என்பர். உண்மை. 2024 செப்டெம்பரில் கம்போடியாவைப் பெனால்டியில் வென்றோம். 2025 ஜூனில் சீன தாய்ப்பேயைக் கொழும்பில் 3–1 என வீழ்த்தினோம். இத்தடைக்கு விடையாக நான்காம் சூத்திரம்:

புறத்து விளைந்தது அகத்தோர் புகழே.

அந்த அணியில் நிற்போரைப் பாருங்கள். டிலன் டி சில்வா இங்கிலாந்தில் ஆட்டம் பயின்றவர். ஜக் ஹிங்கர்ட் அவுஸ்திரேலியா. குளோடியோ கம்மர்க்னெக்ட் ஜேர்மனி. ஆதவன் ராஜமோகன் சுவீடன். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் தாய்நாட்டுக்காக ஓடுவதில் எனக்கு மகிழ்ச்சியே, கோல் அடித்தால் கத்தித் தொண்டை கட்டிக்கொள்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஆய்வாளன் என்ற முறையில் சொல்வேன்: நிருவாகத்தின் கை எட்டாத தூரத்தில் வளர்ந்தவர்களே நன்றாக ஆடுகிறார்கள். முதல் சூத்திரத்துக்கு இதைவிட வலிய சான்று வேண்டுமா?

கை எட்டும் தூரத்தில் இருப்பவர்கள் கதை வேறு. 2021இல் சுப்பர் லீக் தொடங்கினார்கள். நாட்டின் உதைபந்தாட்டம் தொழில்முறைக்குப் போகிறது என்றார்கள். பத்துக் கழகங்கள். கொழும்பு இருந்தது, களுத்துறை இருந்தது, பேருவளை, வென்னப்புவ, நாவலப்பிட்டி எல்லாம் இருந்தன, முப்படையும் இருந்தது. கிழக்கிலிருந்து ஒன்றுமில்லை, வடக்கிலிருந்தும் ஒன்றுமில்லை. கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையில் பின்னேரமானால் பந்து உருளாத வெளி ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். கச்சான் காற்று மணலை அள்ளிக் கண்ணில் போடும்போதும் எங்கள் பிள்ளைகள் வெறுங்காலால் அடிக்கிற அடி கடலுக்குப் போய்த் திரும்பும். தெரிவுப் போட்டி என்றால் அந்தப் பிள்ளை இரவு பஸ்ஸில் ஏறி, விடியக் கொழும்பில் இறங்கி, கால் வீங்கியபடி ஓடிக் காட்டவேண்டும். திம்புவின் உயரத்தைப் பேசும் எந்த ஆய்வாளரும் அவனுடைய தூரத்தை எடுத்துப் பேசுவதில்லை.

தீர்வாக இவ்வாய்வு ஒன்றை மட்டும் முன்மொழிகிறது. அணிகளுக்கு இருக்கும் தரமிறக்கத்தை நிருவாகத்துக்கும் வைக்கவேண்டும். தரவரிசை இருநூறைத் தாண்டினால் நிருவாகிகள் அனைவரும் ஒரு பருவத்துக்குப் பொத்துவிலுக்கு இறக்கப்படுவர். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் போட்டி ஒன்றை இங்கே நடத்தவேண்டும். சுண்ணாம்பால் கோடு கீறுதல், மைதானத்தில் மேயும் ஆடு மாடுகளைக் கலைத்தல், கடலுக்குப் போன பந்தை நீந்தி எடுத்தல், மத்தியஸ்தருக்குப் பிளேன்டீயும் ரோல்ஸும் கைக்காசில் வாங்கிக் கொடுத்தல், தோற்ற பிள்ளையின் வாப்பாவுக்கு முகங்கொடுத்துப் பதில் சொல்லுதல் ஆகியவை அவர்தம் கடமைகள். இவற்றில் தேறினால் மீண்டும் கொழும்பு.

இம்முன்மொழிவைக் கடையில் வாசித்துக் காட்டியபோது பலத்த வரவேற்பு. அந்த வயல்காரர் மட்டும் தலையை ஆட்டவில்லை. கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"வேணாம் தம்பி. அவங்கள இஞ்ச மட்டும் அனுப்பிராதீங்க. வந்த மறுநாளே புள்ளையளுக்குள்ள எலெக்சன் வச்சிருவாங்க."