பாத ரஜ்ஜு

வடசென்னை எர்ணாவூரில் தெருவுக்கு ஒருத்தர் இருப்பார். வயது அறுபதைத் தொட்டிருக்கும். லேலண்டோ, விம்கோவோ, என்ஃபீல்டோ, எம்.ஆர்.எஃப்போ, ஏதோ ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்து ரிட்டயர் ஆகியிருப்பார். மறு மாதம் ரத்தப் பரிசோதனை. அதற்கடுத்த வாரம் டாக்டர். டாக்டர் சொன்னது ஒரே வார்த்தை: “நடங்க.” வீட்டுக்குத் திரும்பியவர் வாசற்படியில் நின்று குனிந்து தன் காலைப் பார்த்திருப்பார். அன்றைக்குப் பிடித்தது. அதற்குப் பிறகு அவர் நடக்கவில்லை, ஷூ தேடுகிறார்.

எங்கள் தெருவில் இருப்பவரை நம்மாள் என்றே வைத்துக்கொள்வோம். பேரைச் சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பக்கத்துத் தெருக்காரர்தான், “என்னை ஏன் விட்டுட்ட?” என்று சண்டைக்கு வருவார்.

அவரை முழுக்கக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. முப்பது வருஷமாக அவர் ஷூவைத் தேர்ந்தெடுத்ததே கிடையாது. கம்பெனி ஸ்டோர் ஜன்னலில் வரிசையில் நிற்பார். உள்ளேயிருந்து “நம்பர்?” என்று குரல் வரும். “எட்டு” என்பார். தொப்பென்று ஒரு டப்பா வந்து விழும். கறுப்புத் தோல், முனையில் இரும்புக் குல்லா, தூக்கிப் போட்டால் ஆள் சாய்கிற கனம். கையெழுத்துப் போட்டு வாங்கி மாட்டினால் அடுத்த ஜோடி வரும்வரை அதுதான். கடித்தால் கால்தான் ஒத்துப்போக வேண்டும், ஷூ ஒத்துப்போகாது. கல்யாணமும் அவருக்கு ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. அப்பா கைகாட்டினார், இவர் தலையாட்டினார். அப்படிப்பட்டவர் முன்னால் ஒரு கடைக்காரப் பையன் இருபது ஜோடியைப் பரப்பி, “எது வேணும் அங்கிள்?” என்று கேட்டால் மனுஷன் என்ன செய்வான்? அறுபது வயதில் பெண் பார்க்கக் கிளம்பிவிட்டான்.

பெண் பார்க்க ஜாதகம் வேண்டுமே. ஒரு சாயங்காலம் தினத்தாளைத் தரையில் விரித்து அதன்மேல் ஏறி நின்றார். சம்சாரத்தைக் கீழே உட்காரவைத்து, காலைச் சுற்றிப் பென்சிலை ஓட்டச் சொன்னார். “பேப்பரு படிக்கிறதுக்கா மிதிக்கிறதுக்கா?” என்று முனகிக்கொண்டே அந்தம்மா வரைந்தார்கள். ஏன் சாயங்காலம்? நாளெல்லாம் நின்ற கால் பொழுது சாயும்போது கொஞ்சம் உப்பியிருக்கும். காலையில் போட்டுப் பார்த்து வாங்கிய ஷூ ஆறு மணிக்கு மேல் கடிக்க ஆரம்பிக்கும். இது நம்மாளின் கற்பனை இல்லை, நிஜம். இரண்டு காலும் பெரும்பாலும் ஒரே அளவாக இருக்காது, பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டும் என்பதும் நிஜம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் நிஜம்தான். தெரிந்துகொள்வதுதான் முடிந்தபாடில்லை.

அந்தப் படத்தில் பெருவிரல் பக்கம் ஒரு மேடு, சேஃப்டி ஷூ கொடுத்த சீதனம். சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு பெருக்கல் குறி, அங்கே கால் ஆணி. குளித்துவிட்டு ஈரக் காலோடு சிமெண்ட் தரையில் நின்று பதிவும் எடுத்துப் பார்த்தார். நடுவில் வளைவு விழாமல் அடை மாதிரி முழுசாகப் பதிந்தது. தட்டைப் பாதம். “நான் அப்பவே நென்ச்சேன்” என்றார், குழந்தைக்கு மொட்டையடித்துத் தலையில் சுழி கண்டவர் மாதிரி.

என்னை ஏன் கூடவே இழுத்துப் போகிறார் என்றால், என் காலும் எட்டாம் நம்பர். அவர் உட்கார்ந்து யோசிக்கும்போது நான் போட்டு நடந்து காட்ட வேண்டும். முதலில் திருவொற்றியூர் தேரடி, அப்புறம் டி.எச். ரோடு முழுக்க, அப்புறம் வண்ணாரப்பேட்டை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரைக்கும் வந்தது. ஊரே வேலைக்குப் போக வசதி என்று சந்தோஷப்பட்டது. நம்மாள், “இனிமே பெரியமேடு கூப்பிடு தூரம்பா” என்றார். தோல் மண்டிகளும் ஷூ கடைகளும் நெருக்கியடிக்கும் பெரியமேட்டுக்குச் சென்ட்ரலில் இறங்கி நடந்தே போய்விடலாம். அந்தத் தூரத்துக்கு மட்டும் அவருக்கு ஷூ தேவைப்படவில்லை.

கடைக்குள் நுழைந்துவிட்டால் அது தனிப் படலம். ஷூவை எடுத்து முதலில் வளைப்பார். விரல் மடங்குகிற இடத்தில் மடங்க வேண்டும், நட்டநடுவில் மடங்கினால் அது ஷூ இல்லை, தோசை. பிறகு காலில் மாட்டி எழுந்து நின்று, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று என்னைக் குனிந்து அமுக்கிப் பார்க்கச் சொல்வார். குதிகால் நழுவக் கூடாது. பக்கவாட்டில் பிதுங்கக் கூடாது. தினப் பொருத்தம் இருந்தால் கணப் பொருத்தம் இருக்காது.

“முன்னாடி இடிக்குது தம்பி.”

“ஒன்பது போட்டுப் பாருங்க அங்கிள்.”

போட்டு நாலு அடி நடப்பார். திரும்பிப் பார்ப்பார். “பின்னாடி யாரோ கூடவே வர்ற மாரி கீது.”

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருப்பது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குதான். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் மூன்று பார்லி மணியை நீளவாக்கில் வைத்தால் ஓர் அங்குலம் என்று கணக்கு. ஒரு மணி நீளம் ஏறினால் ஷூவுக்கு ஒரு நம்பர் ஏறும். அங்கே விளைந்த பார்லிக்குள் எர்ணாவூர்க் கால் ஏன் அடங்க வேண்டும் என்பது நம்மாளின் நியாயமான கேள்வி. இந்தக் குழப்பம் போதாதென்று ஓசூரிலிருக்கும் பையன் ஆன்லைனில் எட்டாம் நம்பர் ஒன்று அனுப்பிவைத்தான். அது அமெரிக்க எட்டு. அமெரிக்காக்காரன் எட்டு, நம் கடையில் ஏழு. திருப்பி அனுப்பிவிட்டுப் பையனிடம் போனில், “அவன் ஊரு டாலரு மட்டும் நம்ம ஊர்ல பெருசாகுது, ஷூ மட்டும் சிறுசாகுதா?” என்று கேட்டார். பையனுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் காலை நம்மாள் பேப்பரோடு ஓடி வந்தார். ஆமாம், ஓடித்தான் வந்தார், ரப்பர் செருப்போடு. அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை முப்பரிமாணக் கருவியில் அளந்திருக்கிறார்கள். நம் கால் வெள்ளைக்காரன் காலைவிட அகலம் என்று தெரிந்திருக்கிறது. அதனால் இந்தியக் கால்களுக்கென்று தனி அளவுமுறை ஒன்றை முன்வைத்திருக்கிறார்கள். பாரதத்தின் முதலெழுத்தை எடுத்து அதற்கு ‘பா’ என்று பேர். முப்பது வருஷம் இழுத்த நிலத் தகராறில் தீர்ப்பு வந்தவர் முகம் எப்படியிருக்கும்? அப்படி இருந்தது அவர் முகம்.

“பாத்தியா? தப்பு கால் மேல இல்ல, நம்பர் மேல. மெய்யாலுமே ஆராய்ச்சி பண்ணி சொல்லிட்டாங்க.”

“சரிண்ணே, அப்ப ஷூ?”

“இன்னா அவசரம்? ‘பா’ வரட்டும்.”

இப்படியாக அடையாற்று விஞ்ஞானிகளின் உழைப்பு அவருக்கு இன்னொரு வாய்தா வாங்கிக் கொடுத்தது.

அதற்கு முன்பும் வாய்தாக்கள் இருந்தன. நைக்கி ஷூக்கள் நம் செய்யாறு சிப்காட்டில் உருவாகின்றன என்று யாரோ சொல்லிவைக்க, நேரே அங்கேயே போய்விட்டால் என்ன என்று ஒரு மாதம் யோசித்தார். தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று இன்னொருவர் சொல்ல, அதைத் தாங்குகிற ஷூவாகத் தேட ஆரம்பித்தார். அந்தப் பத்தாயிரம், 1965 வாக்கில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்ற ஒரு கம்பெனி அதற்கு வைத்த பேரிலிருந்து கிளம்பியது, வேதவாக்கு இல்லை, வாரத்துக்கு 150 நிமிஷம் கொஞ்சம் வேகமாக நடந்தாலே உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொள்ளும் என்றேன். “அப்ப எந்த ஷூ வாங்கறதுன்னு திரும்ப முதல்லருந்து பாக்கணும்” என்றார்.

பெரியமேட்டில்தான் வினை வந்தது. இருபது வயசுப் பையன், நல்ல பிள்ளை, ஏழாவது டப்பாவைத் திறக்கும்போதும் முகம் சுளிக்கவில்லை. அவன் கேட்டான்: “வாக்கிங்கா ரன்னிங்கா அங்கிள்?”

“வாக்கிங்.”

“எங்க நடப்பீங்க? பார்க்கா, ட்ராக்கா, ரோடா?”

இத்தனை வருஷத்தில் அவரை யாரும் கேட்காத கேள்வி. நம்மாள் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

எர்ணாவூரில் எங்கே நடப்பது? எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் தேர் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். நகர்ந்தால் புழுதி, நின்றால் புகை. லாரிக்கும் சுவருக்கும் நடுவில் நடக்க வேண்டுமானால் முதலில் இன்சூரன்ஸ், அப்புறம்தான் ஷூ. கடற்கரை? அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்கள். அதன்மேல் தினமும் வாக்கிங் போகிற ஜீவன் நண்டுதான், அதுவும் பக்கவாட்டில். ரயில்வே மேம்பாலம்? ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது பின்னாலிருந்து டேங்கர் லாரி ஹாரன் அடிக்கும். இதையெல்லாம் நம்மாள் ஒவ்வொன்றாகப் பையனுக்கு விளக்கினார். ஜல்லி, மண், ஆயில், ஆணி, இரும்புத் துண்டு எதையும் விடவில்லை.

பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: “இதுக்கெல்லாம் சேஃப்டி ஷூதான் அங்கிள் கரெக்ட். எட்டாம் நம்பர் இருக்கு, எடுக்கவா?”

திரும்பி வரும்போது மெட்ரோவில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜோசியத்தில் பாத ரஜ்ஜு என்று ஒன்று உண்டு. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் ஒரே பாத ரஜ்ஜு விழுந்தால் ஓரிடத்தில் நிலைக்காமல் காலமெல்லாம் ஊர் சுற்ற வேண்டியதுதான் என்று பலன் சொல்வார்கள். எதிர் இருக்கையில் அவரைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அன்று இரவு அந்தம்மா விடவில்லை. “ஷூ இல்லன்னா இன்னாயா, சும்மா நடந்துட்டு வாயேன்.”

நம்மாள் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “இந்த ஊர்லருந்து நடந்து போனவரு கதி தெரியுமா உனுக்கு? சுந்தரரு. உன்ன வுட்டுப் போ மாட்டேன்னு மகிழ மரத்தடில சங்கிலி நாச்சியாருக்கு சத்தியம் பண்ணிக்குடுத்துட்டு, திருவொத்தியூர் எல்லைய தாண்டி நடந்தாரு. ரெண்டு கண்ணும் போச்சு.”

“அவரு திருவாரூர்ல ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு ரெண்டு கட்னவரு. உனுக்கு இன்னாயா கேடு?”

இந்தம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சர்க்கரை முதலில் வந்தது அவர்களுக்குத்தான். காலில் நீல வார் போட்ட ரப்பர் செருப்பு, இடது வார் அறுந்த இடத்தில் அடியில் ஊக்கு. தினமும் மீன் வாங்க நடை. வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வந்துவிட்டால் காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் வடிவுடையம்மன், சாயங்காலம் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூன்று கோயிலையும் முடித்துவிட்டு வந்து, “கால் வலிக்குதாம்மா?” என்று கேட்டால், “எதுக்கு வலிக்கணும்?” என்பார்கள். போன வருஷம் டாக்டர் அவர்களுக்கு மாத்திரையைக் குறைத்துவிட்டார். இந்தச் செய்தியை வீட்டில் யாரும் நம்மாள் முன்னால் பேசுவதில்லை.

இப்போது அவர் மொட்டைமாடியில் நடக்கிறார். சாக்பீஸால் பெரிதாக ஓர் எட்டுப் போட்டு, அதன்மேலேயே காலை ஆறிலிருந்து ஆறரை வரை. எட்டு நடைக்கு வெறுங்கால்தான் உத்தமம் என்று வாட்ஸப்பில் வந்ததாம். எட்டின் ஒரு வளையத்துக்குள் அந்தம்மா கருவாடு காயப்போடுகிறார்கள், இன்னொன்றுக்குள் வடகம். காக்கை விரட்ட ஆள் ஆச்சு என்று அவர்களுக்கும் திருப்தி.

நடை தொடங்கியதால் தேடல் நின்றுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். போன மாதம்கூட ஒரு ஜோடி வாங்கினார். சோல் அழுக்காகக் கூடாது என்று கூடத்தில் பாய் விரித்து அதன்மேல் இரண்டு நாள் நடந்து பார்த்து, மூன்றாம் நாள் டப்பாவோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “உனுக்குதான் எட்டாச்சே, வெச்சுக்க.” இப்படி வந்தது இதோடு மூன்று ஜோடி. எனக்கு எட்டும் சரியாக இல்லை என்பதை, அவருக்காக இத்தனை கடைகளில் போட்டுக் காட்டியதில், நானே இப்போதுதான் தெரிந்துகொண்டேன். எட்டரையாக இருக்கலாம்.

ஆகவே எட்டாம் நம்பர் கால் உள்ளவர்கள் யாராவது இருந்தால் எர்ணாவூர் பக்கம் வரவும். பாய்க்கு மேலே மட்டும் நடந்த ஷூ, லேஸ்கூட அழுக்காகவில்லை. சாயங்காலம் வந்தால் நல்லது, காலையில் அளவு சொல்லாது.