செத்தால் மட்டும் வேலை நேரம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பிள்ளைக்கு வேலை கிடைத்ததும் ஊர் கேட்கும் முதல் கேள்வி, சம்பளம் எவ்வளவு? அடுத்தது, "தெனம் போய்ட்டு வந்துரலாம்ல?" இதற்கு 'முடியாது' என்று சொன்ன பிள்ளையை நான் பார்த்ததில்லை. சொன்னால் சோம்பேறிப் பட்டம் அன்றைக்கே கிடைக்கும். திருச்சி என்ன அமெரிக்காவா, 55 கிலோமீட்டர்தானே, கண்ணை மூடித் திறந்தால் வந்துவிடும் என்று தெருவே கூடித் தைரியம் சொல்லும். தைரியம் சொல்கிறவர்களில் ஒருவரும் காலை ஐந்தரை மணி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றவர் இல்லை. கண்ணை மூட முதலில் உட்கார இடம் வேண்டுமே.

தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இன்னும் ஒருபடி மேலே போவார்கள். பயண நேரத்தை வீணாக்காதீர்கள், புத்தகம் படியுங்கள், ஆன்லைனில் புதுத் திறன் கற்றுக்கொள்ளுங்கள் என்பார்கள். ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் சாப்பாட்டுப் பை, முதுகில் யாரோ ஒருவருடைய முழங்கை. எந்தக் கையால் ஐயா புத்தகத்தைப் புரட்டுவது?

கணக்குப் பார்ப்போம். சம்பளம் மாதம் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 26 நாள், நாளுக்கு எட்டு மணி, ஆக 208 மணி நேரம். மணிக்கு 72 ரூபாய். போக இரண்டு, வர இரண்டு மணி நேரத்தைச் சேருங்கள், 312 ஆகிறது. பஸ், டீ, பஸ்ஸை விட்ட அன்றைக்கு ஆட்டோ என 3,000 கழித்தால் கையில் நிற்பது 12,000. மணிக்கு 38 ரூபாய் சொச்சம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிகள் போட்ட கணக்கு, எம்பிஏ படித்த மனிதவள அதிகாரிக்குத் தெரியாமல் இல்லை. சுமைகூலி அவர் பையிலிருந்து போகவில்லை, அவ்வளவுதான்.

தூரத்துக்கு விலை உண்டு என்பது அரசாங்கத்துக்கும் தெரியும். 2005-ல் கொண்டுவந்த நூறு நாள் வேலைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஊரிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வேலை கொடு, அதைத் தாண்டினால் கூலியோடு 10 சதவீதம் சேர்த்துக் கொடு என்று எழுதியிருந்தது. கண்மாய் தூர்வாரப் போகும் ஆயாவுக்கு ஆறாவது கிலோமீட்டர் செலவு என்று புரிந்த நாடாளுமன்றத்துக்கு, அவர் பேத்தி கம்பெனிக்குப் போகும் ஐம்பத்தைந்தாவது கிலோமீட்டர் மட்டும் ஏன் கண்ணில் படவில்லை?

விடியாத பொழுதில் அன்னவாசல், இலுப்பூர் பக்கம் போய் நின்று பாருங்கள். கம்பெனி வேன்கள் வரும். தலைசீவப் பாதி, பூ வைக்கப் பாதி என்று அரைத் தூக்கத்தில் பெண் பிள்ளைகள் ஏறுவார்கள். ஏறியதும் துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்ப்பார்கள். வேகத்தடையில் வேன் குதிக்கும்போது அத்தனை தலையும் ஒரே சமயத்தில் கம்பியில் இடிக்கும். யாரும் கண்விழிக்கமாட்டார்கள், பழகிவிட்டது. பத்து ஊர் சுற்றி ஆள் நிரப்பி வேன் கேட்டுக்குள் நுழைந்த பிறகுதான், விரல் வைத்த பிறகுதான், அந்தப் பிள்ளைகள் 'வேலைக்கு வந்தவர்கள்'. வேன் கம்பெனியுடையது, டீசல் கம்பெனியுடையது, எந்த ஊருக்கு எத்தனை மணி என்று தீர்மானிப்பதும் கம்பெனி. உள்ளே உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும் பிள்ளையின் சொந்த நேரமாம். பக்கத்திலேயே சித்தன்னவாசல் இருக்கிறது. அங்கே ஏழடிப்பட்டக் குகையில் சமணத் துறவிகளுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தலையணையோடு கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். உலகையே துறந்தவருக்குக் கிடைத்த தலையணை, உலகத்துக்குத் துணி தைக்கப் போகிற பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

இந்த மண்ணில்தான் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்த காலம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி, அது பள்ளிப் பாடப் புத்தகம் வரைக்கும் போனது. பஸ்ஸுக்காகவும் அண்ணன் தம்பிக்காகவும் காத்துக்கிடந்தவர்கள் தாங்களே மிதித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பெண்களின் மகள்களுக்கு நாம் செய்து வைத்திருப்பது என்ன? சைக்கிளில் எட்டும் தூரத்தில் வேலையை வைக்காமல் விட்டதுதான். மாவட்டம் பிறந்தது 1974-ல். தலைநகருக்கு 2017-ல் மருத்துவக் கல்லூரி வந்தது, 2024-ல் மாநகராட்சிப் பலகையும் ஏறியது. பலகை மாட்டிய கையோடு பத்துப் பேருக்கு வேலை தரும் நாலு கதவையும் திறந்திருக்கலாம்.

2021 மே மாதம் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. நல்ல திட்டம், மறுக்க மாட்டேன். ஆனால் அது சாதாரண டவுன் பஸ்ஸுக்குத்தான். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு ஓடுவது மொபசல் பஸ். சந்தைக்கும் சொந்தக்கார வீட்டுக்கும் இலவசமாகப் போகலாம், தூரத்து வேலைக்குப் போவதென்றால் காசை எடு! திருச்சியில் 2025 ஜூலையில் வெளியூர் பஸ்களை மத்திய பேருந்து நிலையத்திலிருந்து பஞ்சப்பூருக்கு மாற்றினார்கள். நிலையம் பளபளவென்று இருக்கிறது. அங்கே இறங்கி ஊருக்குள் போக இன்னொரு பஸ் பிடிக்கிற நேரத்தை எந்தத் திட்ட மதிப்பீட்டில் எழுதினார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

இனி சட்டத்துக்கு வருவோம். ஈஎஸ்ஐ சட்டத்தில் 2010-ல் ஒரு பிரிவு சேர்த்தார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடக்கும் விபத்து, வேலையோடு தொடர்பு இருந்தால், பணியில் நடந்த விபத்தே. ஈஎஸ்ஐ இல்லாதவர்களுக்கும் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இதே பொருள்தான் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் இறந்தவர் மகாராஷ்டிரத்துச் சர்க்கரை ஆலைக் காவலாளி. அதிகாலை 3 மணி ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போனவர், ஆலைக்கு 5 கிலோமீட்டர் இருக்கையில் செத்துப்போனார். அது 2003. அவர் வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார் என்று தீர்ந்து முடிவாக 22 வருடம் ஆனது.

தீர்ப்பை நான் குறை சொல்லவில்லை, கும்பிடத்தான் தோன்றுகிறது. ஆனால் இதன் மறுபக்கத்தைப் படித்தால் ரத்தம் கொதிக்கிறது. ரோட்டில் பிணமாக விழுந்தால் அது வேலை நேரம். அதே ரோட்டில் உயிரோடு போய்ச் சேர்ந்தால் சொந்த நேரம். பத்து நிமிடம் பிந்திப் போய்ச் சேர்ந்தால் அரை நாள் சம்பளம் கட். ஸ்பெயினில் ஒரு கம்பெனி கிளை அலுவலகங்களை மூடிவிட்டு, ஊழியர்களை வீட்டிலிருந்து நேராக வாடிக்கையாளரிடம் போகச் சொன்னது. நிலையான பணியிடம் இல்லாதவர்களுக்கு அந்தப் பயணமும் வேலை நேரமே என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்தது. அதற்கு அங்கே யாரும் சாகவேண்டியிருக்கவில்லை.

2023 ஏப்ரல் 21-ல் நம் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பியது, மே தினத்தன்று முதல்வர் திரும்பப் பெற்றார். மசோதா போய்விட்டது, 12 மணி நேரம் போகவில்லை. எட்டும் நாலும் கூட்டினால் என்ன வருகிறது? இதற்குமேல் வாரத்துக்கு 70 மணி உழை, 90 மணி உழை என்று பெரிய முதலாளிகள் புத்தி சொல்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தைப் பார்ப்பீர்கள் என்று கேட்டவரும் உண்டு. எங்கள் ஆட்கள் மனைவி முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஐயா.

திருச்சியிலேயே ரூம் எடுக்கலாமே என்பீர்கள். அட்வான்ஸ், வாடகை, மெஸ் போக மிஞ்சுவதை வீட்டுக்கு அனுப்பினால் வீடு சிரிக்கும். பெண் பிள்ளை என்றால் அந்தப் பேச்சே எழாது.

ஆகவே நாலு மணி நேரப் பயணத்துக்கு 15,000 ரூபாய் வேலை தகுமா என்று என்னைக் கேட்டால், தகாது. தகாது என்று தெரிந்தும் நீங்கள் போவீர்கள், வேறு வழியை யாரும் விட்டு வைக்கவில்லை. போங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். வேனில் ஏறிய நேரத்தையும் இறங்கிய நேரத்தையும் நாள் தவறாமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வேனில் ஏறும் நேரத்திலிருந்து வருகைப் பதிவு, வெளியூர் பஸ்ஸிலும் வேலைக்குப் போகிறவருக்குக் கட்டணச் சலுகை என்று மனு எழுதி, பக்கத்து சீட்டுக்காரியிடமும் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியர் கையில் கொடுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் அதே நோட்டை நீட்டுங்கள். திங்கட்கிழமை மனுக் கொடுக்கப் போனால் அன்றைய சம்பளத்தைப் பிடிப்பார்கள். அதையும் மனுவில் எழுதுங்கள்.