பச்சையெல்லாம் காடல்ல

“மக்களே, மேல பாக்காத, கீழ பாரு. தரையில என்ன மொளச்சிருக்குன்னு பாத்தாத்தான் காடு தெரியும்” என்பார் பாட்டா. கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறைக்கு மேலே, கோதையாற்றுப் பக்கம் அவரோடு நடந்த காலத்தில் பார்க்க அவ்வளவு இருந்தது. உச்சியில் கோங்கும் நாங்கும். அவற்றின் நிழலில் காட்டு ஜாதி. அதற்கும் கீழே தெச்சி, காயா. மரங்களைப் பற்றியேறும் பிரம்பும் நல்லமிளகுக் கொடியும். ஆற்றோரம் அடர்ந்த ஈற்றை. தரையில் நன்னாரி, காட்டு இஞ்சி, பெரணி. வேங்கைப் பட்டையில் கீறல் விழுந்தால் சிவப்புப் பிசின் வடியும். அயனியில் வெள்ளைப் பால்.

இன்று குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை அணைக்கு வருகிறவர்கள் சாலையின் இருபுறமும் பார்த்து, “எவ்வளவு காடு!” என்று வியக்கிறார்கள். அதில் பெரும்பகுதி ரப்பர்.

1906-ல் கட்டி முடிந்த அணை பள்ளத்தாக்கின் அடிப்பகுதியை நீரில் ஆழ்த்தியது. அந்த நீரால் நாஞ்சில் நாட்டு வயல்கள் விளைந்தன. 1960-களில் அரசே வனநிலத்தில் ரப்பர் நட்டது. 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு அங்கே வேலை கிடைத்தது. 1984-ல் அந்தத் தோட்டம் அரசு ரப்பர் கழகமானது. இருட்டோடு எழுந்து பால்வெட்டப் போகும் குடும்பங்களின் சோறு அது. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் ரப்பர் தோட்டத்துக்கு ஒரே அடுக்குதான். ஒரே வயது மரங்கள் வரிசையாக நிற்கும். பால்வெட்டுகிறவர் நடப்பதற்காக அடியில் முளைப்பதை வெட்டிவிடுவார்கள். தை மாதத்தையொட்டி இலைகள் ஒருசேர உதிரும். பாட்டா பார்க்கச் சொன்ன தரையில் சருகுதான் மிச்சம்.

தரைச் செடி அற்பமானதல்ல. 1987-ல் அகத்தியமலையில் விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டிய காணிக்காரப் பழங்குடியினர் களைப்பின்றி நடந்தது ஆரோக்கியப்பச்சையின் காயைத் தின்றுதான். நிழலும் ஈரமும் உள்ள காட்டுத் தரையில் வளரும் சிறு செடி அது. மேலடுக்குகள் போனால் செடி போகும். செடி போனால் அதைப் பற்றிய அறிவைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுக்க இடமிருக்காது.

அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை யுனெஸ்கோ 2016-ல் அங்கீகரித்தது. கன்னியாகுமரி மாவட்டக் காடும் அதில் சேர்ந்தது. போன அடுக்குகளில் கொஞ்சத்தையாவது மீட்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. ரப்பர் மரங்களை ஏறத்தாழ 30 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்கிறார்கள். அப்போது ஓடைக்கரைகளிலாவது ரப்பர் வைக்காமல் விட வேண்டும். அங்கே நாங்கும் கோங்கும் ஈற்றையும் வளர்ந்து நிழல் கட்டட்டும். எதை எங்கே வைப்பது என்பதைக் காணிக்காரர்களைக் கேட்டே முடிவுசெய்ய வேண்டும். கேட்டால் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.