பன்னிரண்டு சாட்சி கேட்கும் கடைக்காரருக்கு

பெறுநர்:
ஆப் சரிபார்ப்பு அதிகாரி அவர்கள்,
கூகுள் பிளே.

ஐயா / அம்மா,

பெரம்பலூர் மாவட்டம் குரும்பலூரில் பகலில் ஜெராக்ஸும் ராத்திரியில் மொபைல் ஆப்பும் போடுகிறவன் எழுதுவது. ஆப்பின் பெயர் ‘பட்டறை’. சின்ன வெங்காயத்தைச் சேமிக்க எந்தத் தேதியில் பட்டறை போட்டோம், எத்தனை மூட்டை, அழுகலை எப்போது பொறுக்கணும், இவ்வளவுதான் அதில். பதிவுக் கட்டணம் 25 டாலர் கட்டிவிட்டேன். விலை விழுந்த நாளில் அது இரண்டு மூட்டை வெங்காயம்.

2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் கணக்குத் திறந்தவன், ஆப்பை உங்கள் கடையில் வைக்குமுன் 20 பேரை 14 நாள் விடாமல் சோதனையில் வைத்திருக்க வேண்டும் என்றீர்கள். 2024 டிசம்பரில் அதை 12 ஆக்கினீர்கள். கேட்காமலே எட்டுத் தலை தள்ளுபடி! திருச்சி வெங்காய மண்டியில் நடக்குமா? ஆனாலும் ஒரு சந்தேகம். சிறப்புத் திருமணச் சட்டத்தில் இரண்டு பேரை ஆயுசுக்கும் சேர்த்துவைக்க மூன்று சாட்சி போதும். ஓர் ஆப்புக்கு ஏன் பன்னிரண்டு?

ஆள் பிடிக்கக் கிளம்பினேன். பெரியப்பாவின் ஜிமெயில் பாஸ்வேர்டு பேரனிடம், பேரன் கோயம்புத்தூரில். டீக்கடை அண்ணன், “தெரியாத லிங்க்கைத் தொடாதேன்னு போலீஸ்காரங்களே சொல்றாங்க தம்பி” என்று போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அத்தை மட்டும் தினமும் திறந்தார். கருத்து எழுதச் சொன்னதற்கு, “நல்லாருக்குப்பா, சாப்பிட்டியா?” என்று எழுதினார். எப்படியோ பன்னிரண்டு தேறியது. பதினோராம் நாள் மாமா ஏதோ பொத்தானை அமுக்கிச் சோதனையை விட்டே வெளியேறிவிட்டார். பட்டறையில் வெங்காயம் மூணு மாசம் அசையாமல் கிடக்கிறது. சொந்தக்காரன் பதினாலு நாள் கிடக்க மாட்டேன் என்கிறான்.

குப்பை ஆப்புகளைத் தடுக்கத்தான் இந்த விதி என்பது புரிகிறது. ஆனால் காசு கொடுத்தால் பன்னிரண்டு ஜிமெயிலை வாடகைக்கு விடுகிறவர்கள் இணையத்தில் கடை விரித்திருக்கிறார்கள். பொதுக்கூட்டத்துக்கு லாரியில் ஆள் ஏற்றிய நாடு இது, எங்களுக்கா தெரியாது? குப்பைக்காரன் லாரி பிடித்து வந்துவிடுவான். நான்தான் அத்தையை நம்பி நிற்கிறேன்.

2024 மார்ச் 1-ஆம் தேதி கட்டணத் தகராறில் பாரத் மேட்ரிமோனியையே கடையைவிட்டுத் தூக்கினீர்கள். மத்திய அரசு தலையிட்டதும் சில நாளில் திரும்ப வைத்தீர்கள். எனக்காகத் தலையிட டீக்கடை பெஞ்சு தவிர யாருமில்லை.

ஆள் தேடி விளம்பரமும் செய்து பார்த்தேன். உரக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினேன். ஒருவர் போன் செய்து, “வெங்காயம் கிலோ என்ன விலை?” என்றார்.

வெளியீட்டு விண்ணப்பத்தில், சோதனையாளர்களைச் சேர்ப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று ஒரு கேள்வி வைத்திருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளவும்.

மாமா போனதில் ஓர் இடம் காலி. தங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது சேர விரும்பினால், பெரம்பலூரிலிருந்து துறையூர் பஸ் ஏறிக் குரும்பலூரில் இறங்கவும். பட்டறை பிரிக்கிற வாரமாக வந்தால் இரண்டு கிலோ கட்டித் தருகிறேன். பதினாலு நாள் தங்க வேண்டியிருக்கும். அத்தை சமைத்துப் போடுவார்.

இப்படிக்கு,
‘பட்டறை’க்காரன்,
குரும்பலூர்.