ஆமை வாயும் நம் உறவும்

கேள்வி: லிஸ்ட்ரோசாரஸ் என்ற அழிந்துபோன விலங்குக்கு ஆமை அலகு, இரண்டே இரண்டு கோரைப்பல். அதைப் போய்ப் பாலூட்டிகளின் சொந்தம் என்கிறார்களே?

பதில்: வாயைப் பார்த்து வம்சம் சொல்ல முடியாது. தழையைக் கத்தரிக்க அலகு வசதி. ஆமைக்கும் கிளிக்கும்கூட அது தனித்தனியாகத்தான் வாய்த்தது. மண்டையோட்டைப் பக்கவாட்டில் பாருங்கள். கண்குழிக்குப் பின்னால் ஒரே துளை, தாடைத் தசைக்காக. பல்லி, முதலை வகையறாவுக்கு அங்கே இரண்டு. ஒற்றைத் துளை நம் குடும்ப முத்திரை. நெற்றிப்பொட்டில் விரல் வைத்து முறுக்கு மென்று பாருங்கள், அந்தத் தசை துடிக்கும். அதற்காக நேர்ப்பாட்டன் என்று திவசம் கொடுத்துவிடாதீர்கள். சந்ததியில்லாமல் போன பெரியப்பா வழி. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவில் தப்பிய இதன் எலும்புகள் தாமோதர் பள்ளத்தாக்கிலும் தென்னாப்பிரிக்காவிலும் அண்டார்டிகாவிலும் கிடைக்கின்றன. கடலை நீந்திக் கடந்ததா என்று அடுத்த கடிதம் எழுதவேண்டாம்: அப்போது அந்த நிலங்கள் ஒட்டிக்கிடந்தன.